கண்ணின் ஓரத்தில் ஒரு நாற்றங்கால்: ஸ்டெம் செல்லை ஆய்வகத்தில் வளர்ப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஸ்டெம் செல் பத்திப் பேசப் போறோம். ஆனா ஆரம்பிக்கப் போறது ஒரு பெட்டிக்கடையில இருந்து.

வெத்தலை, பாக்கு விக்கிற கடையில குட்டியா ஒரு பிளாஸ்டிக் பாக்கெட் பார்த்திருப்பீங்க. உள்ள வெள்ளையா ஒரு பசை இருக்கும். சுண்ணாம்பு. பெரியவங்க வெத்தலையில தடவுறது, சிலர் புகையிலையோட சேர்த்துக் கசக்கறது. இது ஒரு சின்னப் பையன் கையில கிடைச்சா என்ன பண்ணுவான்? ரெண்டு விரலால அழுத்திப் பார்ப்பான். பாக்கெட் வெடிச்சு, உள்ள இருக்கற பசை நேரா கண்ணுல தெறிக்கும்.

இது ஏதோ அபூர்வமா நடக்கற விஷயம் இல்லைங்க. இந்தியாவுல குழந்தைகளோட கண்ணுல ரசாயனம் பட்டு வர்ற காயங்களுக்கு, இந்தச் சுண்ணாம்பு ஒரு முக்கியமான காரணம்.

ஆசிட்தான் பெரிய வில்லன்னு நாம நினைக்கறோம். ஆசிட்டும் பயங்கரமானதுதான். ஆனா ஆசிட் பட்ட இடத்துல புரதம் எல்லாம் உறைஞ்சு, கொஞ்சம் தடுப்புச் சுவர் மாதிரி ஆயிடும். சுண்ணாம்பு காரம். அது செல்லோட சவ்வுல இருக்கற கொழுப்பை சோப்பா மாத்திக்கிட்டே உள்ள போய்க்கிட்டே இருக்கும். போதாக்குறைக்கு, பசையா இருக்கறதால இமைக்கு அடியில ஒட்டிக்கிட்டு மணிக்கணக்கா வேலை பார்க்கும்.

அதனால கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கண்ணுல சுண்ணாம்போ வேற எந்த ரசாயனமோ பட்டா, அந்த நிமிஷமே சுத்தமான தண்ணியில கழுவ ஆரம்பிக்கணும். ரெண்டு கை தண்ணி போதாது. கண்ணைத் திறந்து வெச்சு, குறைஞ்சது 15 நிமிஷம், முடிஞ்சா அரை மணி நேரம் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். அப்புறம் உடனே கண் ஆஸ்பத்திரி. பாலோ, எண்ணெயோ, கை வைத்தியமோ வேண்டாம். இனிமே நான் சொல்லப் போற இத்தனை பெரிய அறிவியலையும் விட, அந்த முதல் அரை மணி நேரத் தண்ணி பெரிசு.

கண் தானம் இருக்கே, அது போதாதா?

நம்ம கருவிழிக்கு முன்னாடி, வாட்ச் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. பேரு கார்னியா. தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இது மங்கிப் போனா, தானமா வந்த கார்னியாவை வெச்சுத் தைப்பாங்க. கண் தானம்னு நாம சொல்றது பெரும்பாலும் இதுக்குத்தான். அப்போ சுண்ணாம்பு பட்ட பையனுக்கும் அதையே செய்யலாமே?

செய்யலாம். கொஞ்ச நாள் தெளிவா இருக்கும். அப்புறம் திரும்பவும் மங்கிடும். ஏன்னு புரிஞ்சாதான் ஸ்டெம் செல் எதுக்குன்னு புரியும்.

கார்னியாவோட மேற்பரப்புல மெல்லிசா சில செல் அடுக்குகள் இருக்கு. அந்தச் செல்கள் நிரந்தரம் இல்லை. நாம கண் சிமிட்டச் சிமிட்ட பழசு உதிர்ந்துகிட்டே இருக்கும், ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள அத்தனையும் புதுசாயிடும். இந்தப் புது செல்கள் எங்கிருந்து வருது?

கண்ணாடி முன்னாடி நின்னு உங்க கண்ணை உத்துப் பாருங்க. வெள்ளையும் கறுப்பும் சந்திக்கிற இடத்துல வட்டமா ஒரு ஓரம் தெரியும். அதுக்கு லிம்பஸ்னு பேரு. கார்னியாவுக்கான ஸ்டெம் செல்கள் குடியிருக்கற இடம் அதுதான். தமிழ்ல ஸ்டெம் செல்லைக் குருத்தணுன்னு சொல்றாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல். தென்னை மரத்துல நாலு மட்டை காய்ஞ்சு விழுந்தா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. குருத்து அழுகிட்டா மரமே போச்சு. அந்த மாதிரிதான் இதுவும்.

லிம்பஸ் ரெண்டு வேலை பார்க்குது. ஒண்ணு, நாற்றங்கால் மாதிரி புது செல்களை வளர்த்து கார்னியா மேல அனுப்பிக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு, வரப்பு மாதிரி நிக்குது. கண்ணோட வெள்ளைப் பகுதியை மூடியிருக்கற சவ்வும், அதுல ஓடுற ரத்தக் குழாய்களும் கார்னியா பக்கம் வந்துடாம தடுக்குது.

சுண்ணாம்பு இந்த ஓரத்தையே கருக்கிடுச்சுன்னா ரெண்டு வேலையும் நின்னுடும். ரத்தக் குழாயோட அந்தச் சவ்வு கண்ணாடி மேல ஏறி மூடிடும். இப்போ புது கார்னியாவை வெச்சுத் தைச்சாலும், அது மேல இருக்கற செல்கள் உதிர்ந்ததுக்கு அப்புறம் அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை. மற்ற நோயாளிகளுக்கு அவங்க சொந்த லிம்பஸ் செல்களை அனுப்பி ஒட்டுக்கு மேல மூடிடும். இந்தப் பையனுக்கு அனுப்ப ஒண்ணுமே மிச்சம் இல்லை.

சரி, இன்னொரு கண் நல்லா இருக்கே, அங்கிருந்து லிம்பஸை வெட்டி எடுத்து வைக்கலாமே? 1980-கள்லயே செஞ்சாங்க, பலனும் கிடைச்சுது. ஆனா அதுக்குப் பெரிய துண்டா எடுக்கணும். மிச்சம் இருக்கற ஒரே நல்ல கண்ணுல கை வைக்கணும். எந்த அப்பா அம்மா தைரியமா சரின்னு சொல்வாங்க?

இங்கதான் ஆய்வகம் வருது. ஒரு கடுகளவு எடுத்து, வெளியில வெச்சுப் பெருக்கிக்கலாமா?

தோல்ல ஆரம்பிச்ச கதை

இந்தக் கேள்விக்கு முதல் பதில் கண்ணுல கிடைக்கல. தோல்ல கிடைச்சுது.

1970-கள். அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஹாவர்ட் கிரீன்னு ஒரு விஞ்ஞானி. மனுஷத் தோல் செல்லை உடம்புக்கு வெளியில வளர்க்க முடியாதுன்னு பலரும் கைவிட்ட காலம். தட்டுல போட்டா கொஞ்ச நாள்ல சோர்ந்து போயிடும். இல்லேன்னா கூடவே வர்ற வேற வகை செல்கள் களை மாதிரி வளர்ந்து மூடிடும்.

கிரீனும் அவரோட மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும் 1975-ல வெளியிட்ட வழி இது. தட்டுல முதல்ல எலியோட செல்களைப் பரப்பினாங்க. 3டி3ன்னு பேர். அதுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, உயிரோட இருக்கும், ஆனா பெருகாதுங்கற நிலைக்குக் கொண்டு வந்தாங்க. அது மேல மனுஷத் தோல் செல்லை விதைச்சாங்க. எலி செல்கள் தாதி மாதிரி. தோல் செல்லுக்குத் தேவையானதைச் சுரந்து கொடுக்கும், களையையும் அடக்கி வைக்கும். தோல் செல்கள் திட்டுத் திட்டா வளர்ந்து, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, முழு விரிப்பா ஆச்சு.

1983-ல இதுக்குப் பெரிய பரீட்சை வந்துச்சு. ரெண்டு சின்னப் பசங்க, அண்ணன் தம்பி, உடம்புல 95 சதவீதத்துக்கு மேல தீக்காயத்தோட பாஸ்டன்ல இருக்கற ஷ்ரைனர்ஸ் தீக்காய மருத்துவமனைக்கு வந்தாங்க. வழக்கமா, எரியாத இடத்துல இருந்து தோல் எடுத்து எரிஞ்ச இடத்துல வைப்பாங்க. இவங்ககிட்ட எடுக்கவே இடம் இல்லை. மிஞ்சியிருந்த சின்னத் துண்டுத் தோலை எடுத்து, கிரீனோட ஆய்வகத்துல விரிப்பு விரிப்பா வளர்த்து, ஏறக்குறைய பாதி உடம்புக்கு ஒட்டினாங்க. ரெண்டு பேரும் பிழைச்சாங்க. அந்தத் தோல்ல முடி இல்லை, வேர்வைச் சுரப்பி இல்லை. ஆனா உயிர் இருந்துச்சு.

3 சதவீதத்தோட கதை

இதுவரைக்கும் கேட்டா, "ஓ, நிறைய செல் வளர்த்தா போதும் போல"ன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. விஷயமே வேற.

1987-ல யான் பராண்டோனும் கிரீனும் ஒரு வேலை பண்ணாங்க. தோல் செல்லை ஒவ்வொண்ணாப் பிரிச்சு, ஒவ்வொரு செல்லும் தனியா எவ்வளவு தூரம் பெருகுதுன்னு பார்த்தாங்க. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில செல்கள் கொஞ்ச தலைமுறைக்கு வேகமா பெருகி, மூச்சு வாங்கி நின்னுடும். அதிகபட்சம் 15 தலைமுறை. சில செல்கள் நடுத்தரம். ரொம்பக் கொஞ்சம் செல்கள் மட்டும் நூறு தலைமுறை தாண்டியும் சளைக்காம போய்க்கிட்டே இருக்கும். இந்தக் கடைசி வகைக்கு ஹோலோகுளோன்னு பேர் வெச்சாங்க. அசல் குருத்து அதுதான்.

தட்டுல பார்க்கும்போது எல்லாமே பளபளன்னு விரிப்பாத்தான் இருக்கும். எது குருத்து, எது ரெண்டு மாசத்துல உதிரப் போற மட்டைன்னு மேலோட்டமா பார்த்தாத் தெரியாது.

இப்போ கண்ணுக்குத் திரும்புவோம். இத்தாலியில கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே டி லூக்கான்னு ரெண்டு விஞ்ஞானிகள். கிரீனோட முறையை அப்படியே லிம்பஸுக்குக் கொண்டு வந்தாங்க. ஒரு கண் கருகின ரெண்டு நோயாளிகளோட நல்ல கண்ணுல இருந்து ஒண்ணு ரெண்டு சதுர மில்லிமீட்டர் அளவுக்குத்தான் எடுத்தாங்க. ஆய்வகத்துல வளர்த்து, கெட்டுப்போன கண்ணுல ஒட்டினாங்க. 1997-ல அதை வெளியிட்டப்போ, ரெண்டு வருஷத்துக்கு மேலயும் அந்தப் பரப்பு நல்லா நின்னிருந்துச்சு.

அப்புறம் 2010-ல 112 நோயாளிகளோட கணக்கு வந்துச்சு. சுமார் 77 சதவீதக் கண்கள்ல தெளிவான, தன்னைத் தானே புதுப்பிச்சுக்கற மேற்பரப்பு திரும்பக் கிடைச்சிருந்தது. சில பேருக்கு 10 வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்து பார்த்திருக்காங்க. ஆனா அந்த ஆய்வுல என்னைத் தூக்கி வாரிப் போட்டது வேற ஒரு எண்.

தோல்வியான கண்கள்ல என்ன தப்பாச்சுன்னு பின்னாடி போய்த் தேடினாங்க. பி63ங்கற புரதத்தை வெச்சு அசல் குருத்துச் செல்களை எண்ணினாங்க. வளர்த்த செல்கள்ல காலனியா பெருகக்கூடிய செல்களை மட்டும் எடுத்துக்கிட்டா, அதுல இந்த அசல் செல்கள் 3 சதவீதத்துக்கு மேல இருந்தவங்கள்ல 78 சதவீதம் பேருக்கு வெற்றி. 3 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருந்தவங்கள்ல வெறும் 11 சதவீதம் பேருக்குத்தான் வெற்றி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரெண்டு தட்டுலயும் விரிப்பு இருக்கு. ரெண்டுலயும் லட்சக்கணக்குல செல் இருக்கு. ஒட்டினா முதல் நாள் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா ஒண்ணு பல வருஷம் நிக்கும், இன்னொண்ணு முதல் வருஷத்துக்குள்ள உதிர்ந்துடும். வித்தியாசம் அந்த ஒரு கைப்பிடி செல்கள்தான்.

அதனால "செல் வளர்க்கறது"ன்னா எண்ணிக்கையைப் பெருக்கறது இல்லைங்க. பெருக்கும்போதே அந்தக் கொஞ்சூண்டு குருத்தைத் தொலைக்காம காப்பாத்தறது. தப்பான ஊட்டக் கரைசல், தரமில்லாத தாதி செல், ஒரு நாள் தாமதம், எதுவா இருந்தாலும் குருத்துச் செல்கள் சாதாரணச் செல்லா மாறிடும். திரும்பி வராது. இந்த முறையை 2015-ல ஐரோப்பாவுல ஹோலோகிளார்ங்கற பேர்ல மருந்தா அங்கீகரிச்சாங்க. அங்க அங்கீகாரம் வாங்கின முதல் ஸ்டெம் செல் மருந்து அதுதான். அதோட ஆயுள் 36 மணி நேரம். அதுக்குள்ள ஆய்வகத்துல இருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்ச் சேரணும்.

அதே வருஷம் இதே குழுவுக்கு ஜெர்மனியில போகும் நகரத்துல இருந்து ஒரு அழைப்பு. சிரியாவுல இருந்து வந்த குடும்பம், 7 வயசுப் பையன். ஒரு மரபணுக் கோளாறால தொட்டாலே தோல் உரிஞ்சு வர்ற நோய். அவனோட தோல் செல்லை எடுத்து, சரியான மரபணுவை உள்ள செலுத்தி, வளர்த்து, உடம்புல 80 சதவீதத் தோலை மாத்தினாங்க. அப்புறம் அந்தப் புதுத் தோல்ல இருக்கற செல்களோட வம்சாவளியைப் பின்தொடர்ந்தாங்க. மாசங்கள் ஓட ஓட பெரும்பாலான வம்சங்கள் காணாம போச்சு. கடைசியில மொத்தத் தோலையும் தாங்கிக்கிட்டு இருந்தது குறைவான எண்ணிக்கையில இருந்த ஹோலோகுளோன் செல்கள்தான். கண்ணுல பார்த்த அதே பாடம்.

ஹைதராபாத்துல கேட்ட கேள்வி

இத்தனை கவனமா ஒரு ஆய்வகம் நடத்த எவ்வளவு செலவாகும்? தூசி புகாத அறைகள், பயிற்சி பெற்ற ஆட்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தட்டு, வாரக்கணக்குல காவல். சுண்ணாம்பு பாக்கெட் வெடிச்ச கிராமத்துப் பையனுக்கு இது எட்டுமா?

ஹைதராபாத்துல எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் முதல்ல இதை எளிமையாக்கப் பார்த்துச்சு. எலி செல் தாதிக்குப் பதிலா, பிரசவத்துக்கு அப்புறம் கிடைக்கற பனிக்குடச் சவ்வு மேல செல்லை வளர்த்தாங்க. 2011-ல 200 பேரோட கணக்கை வெளியிட்டாங்க. 71 சதவீத வெற்றி. ஆனா ஆய்வகம் இன்னமும் தேவைப்பட்டுச்சு.

அப்புறம் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழு 2012-ல வேற ஒரு வழியை முன்வெச்சாங்க. செல்லுக்குச் சரியான வெப்பம், ஈரம், ஊட்டம் எல்லாம் கொடுக்கத்தானே ஆய்வகம்? இது எல்லாமே கண்ணுலயே இருக்கே! கண்ணையே ஆய்வகமா வெச்சுக்கலாமே?

செய்முறை இவ்வளவுதான். நல்ல கண்ணோட லிம்பஸ்ல இருந்து 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு குட்டித் துண்டு. அதை எட்டு பத்து துணுக்கா நறுக்கறது. கெட்டுப்போன கண் மேல பனிக்குடச் சவ்வைப் போர்த்தி, அது மேல இந்தத் துணுக்குகளை இடைவெளி விட்டு வட்டமா வைக்கறது. ஃபைப்ரின் பசையால ஒட்டறது. நாத்து நடற மாதிரியேதான் இருக்கும். அங்கங்க இருந்து செல்கள் படர்ந்து, ஒண்ணோட ஒண்ணு கைகோத்து பரப்பை மூடிடும். ஒரே ஆபரேஷன், தனி ஆய்வகம் வேண்டாம். இதுக்கு ஸ்லெட்னு பேரு. 2016-ல 125 கண்களோட கணக்கு வந்தப்போ 76 சதவீத வெற்றி. இத்தாலிக்காரங்களோட எண்ணுக்குப் பக்கத்துலயே நிக்குது.

நோயாளிகளும் அளவுகோலும் வேற வேறங்கறதால இந்த எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனா இது ஏன் வேலை செய்யுதுன்னு ஊகிக்கலாம். இந்தத் துணுக்குகள்ல செல் மட்டும் வரல. அது குடியிருந்த சூழலும், கொஞ்சம் தாய்மண்ணோட பிடுங்கின நாத்து மாதிரி, கூடவே வந்துடுது.

அப்போ ஆய்வகமே தேவையில்லையா? தேவை. ரெண்டு கண்ணும் கருகினவங்களுக்கு எடுக்க நாத்து எங்க? உறவினர்கள்கிட்ட இருந்தோ இறந்தவங்ககிட்ட இருந்தோ எடுக்கலாம், ஆனா உடம்பு நிராகரிக்காம இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கற மருந்து சாப்பிடணும். ஜப்பான்ல கோஜி நிஷிதா குழு நோயாளியோட வாய் உள்சவ்வுல இருந்தே செல் எடுத்து வளர்த்து, 2004-ல கண்ணுல வெச்சுக் காட்டினாங்க. அடுத்த கட்டமா, சாதாரண உடல் செல்லைக் குருத்து நிலைக்குத் திருப்பற ஐபிஎஸ் முறை. அப்படி உருவாக்கின கார்னியா செல் விரிப்பை 4 பேருக்கு வெச்சு, ரெண்டு வருஷம் பார்த்து, 2024-ல முடிவை வெளியிட்டாங்க. பெரிய பக்க விளைவு எதுவும் வரல. நம்பிக்கை தருது. ஆனா 4 பேர்தான்.

"லட்சக்கணக்கான ஸ்டெம் செல்கள்!"

இந்த எபிசோடைப் பண்ணணும்னு தோணினதுக்குக் காரணமே இந்தக் கடைசிப் பகுதிதான்.

உங்க இன்ஸ்டா ஃபீட்லயும் வந்திருக்கும். மூட்டு வலிக்கு ஸ்டெம் செல், முடி கொட்டுறதுக்கு ஸ்டெம் செல், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல். ஒரே ஊசி, அதுல லட்சக்கணக்குல செல்கள்னு விளம்பரம். இப்போ நீங்க கேட்டதை வெச்சு அந்த வாசகத்தைப் பாருங்க. எண்ணிக்கை மட்டும் எதையும் நிரூபிக்காது. என்ன செல்? அசல் குருத்து எத்தனை? வெச்ச இடத்துல அது நிக்குதா, நிலைக்குதா?

2017-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு அறிக்கை வந்துச்சு. அமெரிக்காவுல ஃபுளோரிடா. விழித்திரை தேய்மானத்தால பார்வை குறைஞ்ச மூணு வயசான பெண்கள். அவங்க வயித்துக் கொழுப்புல இருந்து எடுத்த "ஸ்டெம் செல்"லை ஒரு கிளினிக்ல, ஒரே நாள்ல, ரெண்டு கண்ணுலயும் ஊசியா போட்டாங்க. சிகிச்சைக்கு முன்னாடி ஓரளவு பார்த்துக்கிட்டு இருந்தவங்க. அப்புறம் மூணு பேருக்கும் ரெண்டு கண்ணுலயும் பார்வை பெருமளவு போயிடுச்சு. காசு கொடுத்துப் பண்ணிக்கிட்டது.

லிம்பஸ் கதையில, கண்ணோட செல் கண்ணுக்கே போகுது. எந்தச் செல் எங்க வேலை பார்க்கும்னு பல வருஷம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு செய்யறாங்க. கொழுப்புல இருந்து எடுத்த செல்லை விழித்திரைக்குள்ள விட்டா அது விழித்திரையா ஆயிடும்னு சொல்ல ஆதாரம் எங்க?

இந்தியாவுல ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டி இதைத் தெளிவாச் சொல்லுது. நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையை, முறையா அனுமதி வாங்கின ஆய்வுக்கு வெளியில காசுக்கு விக்கக் கூடாது. அனுமதி வாங்கின ஆய்வுன்னா, அந்தச் சோதனை சிகிச்சைக்கு நோயாளிகிட்ட காசு கேக்கவும் கூடாது.

அதனால வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு சிகிச்சையைப் பரிந்துரைச்சா, மூணு கேள்வி கேளுங்க. இது எந்த உறுப்போட செல், எந்த உறுப்புக்குப் போகுது? இதே நோய்க்கு இதே முறையில எத்தனை பேரை எத்தனை வருஷம் பின்தொடர்ந்திருக்காங்க? இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வுன்னா அதோட பதிவு எண் என்ன, ஏன் காசு கேக்கறீங்க? பதில் மழுப்பலா வந்தா எழுந்து வந்துடுங்க.

1975-ல ஒரு தட்டு நிறைய எலி செல் மேல ஆரம்பிச்ச வேலை இது. தீயில போன தோல் திரும்பி வந்துச்சு, சுண்ணாம்புல போன பார்வை திரும்பி வந்துச்சு. ரெண்டுக்கும் காரணம், எது குருத்துன்னு பொறுமையா தேடிக் கண்டுபிடிச்சவங்க.

இந்த எபிசோடை யாருக்காவது அனுப்பறதா இருந்தா, வீட்டுல சின்னப் பசங்களும் வெத்தலைப் பெட்டியும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு முதல்ல அனுப்புங்க. சுண்ணாம்பு பாக்கெட்டை எட்டாத உயரத்துல வைக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.